எருமை வாங்கப் போன கதை

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவுக்கு மச்சான் என்னைக் கூட்டிக்கொண்டு போனது எருமை வாங்க. "சும்மா ஒரு எட்டு குதிரைச் சந்தையையும் பாத்துட்டு வந்தர்லாங்க மாப்ள" என்றார். அந்த வீட்டில் பெண் எடுத்து 25 வருடம் ஆகிறது. மச்சான் 'சும்மா' என்றால் பணப்பையைப் பிடுங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியாமலிருந்தது என் தப்புதான்.

சந்தையில் குதிரையைவிட, குதிரை பார்க்க வந்தவர்களைப் பார்ப்பது வேடிக்கை. ஒருவர் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்து வயது சொல்கிறார். இன்னொருவர் நெற்றியிலிருந்து வால்வரை சுழி தேடுகிறார். இந்தச் சுழி இருந்தால் குடும்பம் விளங்காது, அந்தச் சுழி இருந்தால் யோகம். என் கல்யாணத்துக்குக்கூட ஜாதகத்தை இவ்வளவு நேரம் பார்க்கவில்லை. வெள்ளை நொக்ரா, கத்தியவார் எல்லாவற்றையும் தாண்டி வந்த மச்சான், செம்பழுப்பு நிற மார்வாரிப் பெண் குதிரை ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். மார்வாரிக்கு அடையாளம் காதுதான். இரண்டும் உள்பக்கமாக வளைந்து நுனியோடு நுனி முட்டி நிற்கும், தலைக்கு மேல் கைகூப்பின மாதிரி. கும்பிட்டு நிற்கிறவளை விட்டுவிட்டு வர மச்சானுக்கு மனம் வரவில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை முடித்தார்கள்.

வீட்டில் அத்தை ஆரத்தி எடுக்கவில்லை. "பால் எத்தனை லிட்டர் கறக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கோபம் இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் குண்டான் நிறையச் சோற்றோடு லாயத்துக்குக் கிளம்பிவிட்டார். (லாயம் என்றால் பழைய மாட்டுக்கொட்டகைதான்.) நல்ல வேளை, மாட்டு டாக்டர் அங்கே இருந்தார். குதிரைக்கு உடம்புதான் பெரிது, இரைப்பை சின்னது. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கப் புல்லைக் கொறிக்க வேண்டிய பிராணி. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் நம்மைப்போல வாந்தியெடுக்கவும் அதற்கு வழி கிடையாது. வயிற்றுவலியிலேயே செத்தும் போகும் என்றார்.

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். 13ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டில் குதிரைக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுகிறார்கள், வாங்குகிற குதிரைகளில் பெரும்பாலானவை செத்துப்போகின்றன என்று எழுதிவைத்திருக்கிறார். கப்பலில் குதிரை கொண்டுவந்து விற்ற வியாபாரிகள், குதிரை வைத்தியம் தெரிந்த ஒருவனும் இங்கே எட்டிப்பார்க்காதபடி கவனித்துக்கொண்டார்களாம். செத்தால்தானே மறுவருடம் வியாபாரம்! விருந்து வைத்தே குதிரையைக் கொன்ற பரம்பரை நாம்.

அப்புறம் சவாரி. 'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்' என்று ஆபீசில் எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறேன்! அது வசவு இல்லை, வெறும் தகவல் என்பது எங்கள் குதிரை ராணியிடம்தான் புரிந்தது. ஊறவைத்த கொள்ளைக் கண்டால் வாய் தானாகத் திறக்கும். கடிவாளத்தைக் கண்டால் தைத்த கோணிதான். அதற்கும் ஒரு வித்தை இருக்கிறது. குதிரைக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. வாயோரமாகக் கட்டைவிரலை அங்கே நுழைத்தால் வாயைத் திறந்துவிடும். இரும்பை உள்ளே தள்ளிவிடலாம். அந்த இடைவெளி சரியாக எந்த இடத்தில் முடிகிறது என்பது என் கட்டைவிரலுக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

சேணத்தைப் போட்டு வயிற்றுப் பட்டையை இழுத்து இறுக்கினேன். இறுக்கும்போது ராணி மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொண்டாள். போட்டோவுக்கு நிற்கும்போது நான் செய்வதற்கு நேரெதிர். இடது பக்கம் நின்று, அங்கவடியில் காலை வைத்து ஏறினேன். அவள் மூச்சை விட்டாள். சேணம் அவசரமே இல்லாமல் சுழன்று அவள் வயிற்றுக்கடியில் போயிற்று. அதை நம்பியிருந்த நானும் கூடவே போனேன். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று சொன்ன பெரியவர்கள், உயிருள்ள குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாம். ராணி அசையவில்லை. அந்தக் கும்பிடு காதுகளில் ஒன்று மட்டும் என் பக்கம் திரும்பியது.

"இறுக்கிட்டு ரெண்டு எட்டு நடக்க வெச்சு, மறுபடி இறுக்கோணுங்க மாப்ள." நான் தரையில் கிடக்கும்போது மச்சான் பாடம் எடுத்தார்.

ராணிக்குத் தினமும் குளம்பு நோண்டிச் சுத்தம் செய்ய ஆள், உடம்பு தேய்க்க ஆள், ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்ற ஆள். எனக்கு அன்று ராத்திரி ஒத்தடம் கொடுக்க ஒரு வெந்நீர்ப் பை.

அத்தை டம்ளரில் ஆவி பறக்கக் கொள்ளு ரசம் கொண்டுவந்தார். எந்தச் சாக்குக் கொள்ளு என்று நான் கேட்கவில்லை. வாயைத் திறந்தேன்.

"நாளைக்குக் காலையில மறுபடி ஏறோணுமாமுங்க மாப்பிள்ளை, பெரியவன் சொன்னான்."

மூடிக்கொண்டேன்.