பத்துக்குப் பத்து

தஞ்சாவூர் பெரிய கோயிலைச் சின்னக் கோயிலாக்குவது சுலபம். நந்தி மண்டபத்துப் பக்கம் நின்றுகொண்டு 14 மி.மீ. லென்ஸை மாட்டினால் போதும். 1010-இல் ராஜராஜ சோழன் கட்டி முடித்த, சுமார் 216 அடி உயர விமானத்தைக் கேமராத் திரையில் கட்டை விரலால் மறைத்துவிடலாம். என் காலடியில் கிடந்த தரைக்கல்லும் யாரோ போட்டுவிட்டுப் போன சுண்டல் பொட்டலமும் மட்டும் சோழர் காலக் கம்பீரத்தோடு வந்திருந்தன.

லென்ஸைக் குறை சொல்ல முடியாது. சாதாரண 50 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 47 டிகிரி பார்க்கும். இது 114 டிகிரி. அத்தனையையும் ஒரே படத்துக்குள் திணிக்கும்போது எட்ட இருப்பது சிறுக்கும், கிட்ட இருப்பது ஊதும். பெரிய கோயிலின் உள் முற்றமோ சுமார் 500 அடிக்கு 250 அடி. பின்னால் நகர இவ்வளவு இடம் விட்டுக் கட்டியிருக்கும்போது இந்த லென்ஸுக்கு அங்கே என்ன வேலை?

குடும்பப் படம் எடுக்கலாம் என்றால் அதில் வேறு வம்பு. கட்டடத்தின் நேர்க்கோடு வளையக்கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிற லென்ஸ் இது. அந்தப் பிடிவாதத்துக்கான விலையை ஓரத்தில் நிற்பவர்கள் கொடுக்கிறார்கள். தூண் நேராக நின்றது. பக்கத்தில் நின்ற சித்தி அகலமாகிவிட்டார்.

“ஏண்டா, உங்க சித்தப்பாவை மட்டும் ஒழுங்கா எடுத்திருக்கே?”

“அவர் நடுவுல நின்னார் சித்தி.”

அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் எங்கள் குடும்பத்தில் நடு இடத்துக்கு அடிதடி.

பின்னால் நகர இடமில்லாத ஊர்தான் இந்த லென்ஸுக்குச் சரி. பெங்களூரில் எங்கள் ஜோகுபாளையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் அல்சூர் சோமேஸ்வரர் கோயில், விஜயநகர பாணிக் கோபுரத்தோடு இருக்கிறது. கோபுரத்தை முழுசாகப் பிடிக்கப் பின்னால் நகர்ந்தால் ஒரு ஆட்டோ, அதற்குப் பின்னால் ஒரு கடை. கேமராவைக் கொஞ்சம் அண்ணாந்து பிடித்தாலோ கோபுரம் மல்லாக்கச் சாயும். சாயாமல் இருக்க மட்டம் பார்த்துப் பிடித்தால், படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தெரு. இதைச் சமாளிக்கத் தனியாக ‘ஷிஃப்ட் லென்ஸ்’ விற்கிறார்கள். விலையைப் பார்த்தேன். கோபுரம் சாய்ந்தே இருக்கட்டும்.

லென்ஸின் அருமை தெரிந்த முதல் மனிதர் பக்கத்து வீட்டு ஓனர்தான். கோயில் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தவர், என் வீட்டுக்குள்ளேயே நான் எடுத்திருந்த ஒரு படத்தில் நின்றுவிட்டார்.

“தம்பி, இது உங்க ஹாலா? எங்க வீட்டு மாடி போர்ஷன் காலியா இருக்கு. ஒரு நாலு படம் எடுத்துக் குடேன்.”

மாடி போர்ஷன் என்றால் பத்துக்குப் பத்தில் ஒரு அறை. சமையலறையில் ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு, கேமராவை இடுப்பளவில் மட்டமாகப் பிடித்து அழுத்தினேன். எதிர்ச் சுவர் மரியாதையாகப் பின்வாங்கியது. அறை கல்யாண மண்டபம் மாதிரி விரிந்தது. ஓரத்தில் மாட்டிய கேஸ் சிலிண்டர் மட்டும் வயிறு பெருத்து நின்றது. அதை வெட்டிவிட்டுக் கொடுத்தேன்.

அந்த வாரமே ஒரு ஐ.டி. பையன் போனை நீட்டியபடி வந்தான். அறை நடுவில் நின்றுகொண்டு நாலு பக்கமும் பார்த்தான்.

“பெட்ரூம் ஓகே அங்கிள். ஹால் எங்கே?”

“நிக்கறீங்களே, அதான்.”

பையன் போனையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஆனால் இந்திராநகர் வாடகையை விசாரித்துவிட்டு வந்தவன். கூடவே பத்து மாச அட்வான்ஸும் கேட்டிருப்பார்கள். பேசாமல் இங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டான்.

ஓனருக்குத் தெம்பு வந்துவிட்டது. அடுத்து மொட்டை மாடி அறை. “இங்கேர்ந்து அல்சூர் ஏரி தெரியும் தம்பி. ‘லேக் வியூ’ன்னு போட்டா ரெண்டாயிரம் சேர்த்துக் கேக்கலாம்.”

தெரியத்தான் செய்தது. இரண்டு கறுப்பு வாட்டர் டேங்குகளுக்கு நடுவே, குதிகாலை உயர்த்திப் பார்த்தால், ஒரு கீற்று.

“அங்கிள், இந்த லென்ஸுல ஏரி இன்னும் தூரமாப் போயிடும். டெலி லென்ஸ் வேணும்.”

“கோயிலையே அடக்கற லென்ஸு, ஏரியை அடக்காதா? எடு தம்பி.”

எடுத்தேன். ஏரி சுத்தமாகக் காணோம். டேங்குகள் இரண்டும் வானத்தை முட்டிக்கொண்டு நின்றன. ஓனர் திரையை இரண்டு விரலால் பெரிதாக்கி, சிறிதாக்கி, வெகுநேரம் பார்த்தார்.

“ஏரி போனாப் போகுது. டேங்க் நல்லா விழுந்திருக்கு. ‘இருபத்துநாலு மணி நேரமும் தண்ணி’ன்னு போட்டுக்கலாம். பெங்களூர்ல அதுக்கு மூவாயிரம் சேர்த்தே கேக்கலாம்.”