வீட்டில் படித்துக்கொள்ளவும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் வந்தால் செம்பருத்திக்கு யோகம். மகரந்தத்தாள், சூலகம், சூல்முடி என்று கலர் சாக்பீஸில் அதற்குக் கல்யாணமே நடக்கும். அடுத்தது மனிதன். ஆசிரியர் தொண்டையைக் கனைப்பார், மின்விசிறியைப் பார்ப்பார். "இது ஈஸிதான், வீட்ல படிச்சுக்குங்க. படம் மட்டும் பாகம் குறிச்சுப் பழகுங்க." வீட்டிலோ, "இதெல்லாம் ஸ்கூல்ல சொல்லித் தர மாட்டாங்களா?" என்பார்கள். பிள்ளை செல்போனிடம் போகிறது. அது தொண்டையைக் கனைப்பதில்லை.

இதைச் சரிசெய்யத்தான் 2005-இல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2007-இல் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உட்படப் பல மாநிலங்கள் அதற்குத் தடை போட்டன. இந்த மூன்றிலும் அப்போது மூன்று வெவ்வேறு கட்சி முதல்வர்கள். காவிரியில் வராத ஒற்றுமை இதில் வந்தது.

2009-இல் மாநிலங்களவை மனுக்கள் குழு ஒரு வழி சொன்னது: வளரிளம் பருவ மாற்றம், எய்ட்ஸ் போன்ற பாடங்களை ப்ளஸ் டூ கட்டத்துக்கு முன்னால் தொடவே வேண்டாம், அங்கேயும் உயிரியல் புத்தகத்தில் வைத்தால் போதும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே வந்து நிற்கிற பருவத்துக்கும் கொஞ்சம் பொறுத்து வரச்சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கலாம். காமர்ஸ் குரூப் எடுத்த பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அவர்களுக்கு உடம்பு கிடையாது, லெட்ஜர்தான்.