வெள்ளையடிப்பா, கொள்ளையடிப்பா?

கேள்வி: வீட்டைக் காலி செய்யும்போது, வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது சட்டமா, சம்பிரதாயமா? (செம்பரம்பாக்கம் வாசகர்)

பதில்: சம்பிரதாயம். செம்பரம்பாக்கம் ஏரியின் மதகைத் திறக்கும் முன்பாவது எச்சரிக்கை வரும். அட்வான்ஸில் விழும் ஓட்டைக்கு அதுவும் கிடையாது.

2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு, ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பதையும் வீட்டுக்காரர் தலையில்தான் கட்டுகிறது. குடியிருப்பவர் பங்கு குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு போன்றவை. ஆறு வருஷத்தில் மங்கிய சுவர் தேய்மானம்; பையன் கிரிக்கெட் ஆடி உடைத்த ஜன்னல் கண்ணாடி சேதம்.

ஆனால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த வரிதான் நிற்கும். மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ் என்ற உச்சவரம்பும் இப்படித்தான் பத்து மாதமாகிறது. நியாயமான பிடித்தம் போக மீதி, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திரும்பியாக வேண்டும்.

வெள்ளையடிக்கப் பிடித்த காசில் பல வீடுகளில் புதுசாவது ‘டு லெட்’ போர்டு மட்டும்தான்.