வாத்து விரட்டும் நாய்க்கும் ஒரு வருஷத் திட்டம்

நேப்பர்வில் பக்கம், இல்லினாய்
டிசம்பர் மாதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கார்த்திகை தீபக் கூட்டம் கலைந்து திருவண்ணாமலை ரமண நகருக்கு மூச்சு வந்திருக்கும். செங்கம் ரோட்டு ஆட்டோக்காரர்களும் பழைய ரேட்டுக்கு இறங்கியிருப்பார்கள். இறங்கவில்லையென்றால் கவலைப்படாதீர்கள், அடுத்த பௌர்ணமிக்கு இன்னும் ஏறும்.

"வேலை முடிந்து சாயங்காலத்தில் என்னடா செய்கிறாய்?" என்று போனில் கேட்டீர்கள். சொன்னால் சிரிப்பீர்கள். இந்த நாட்டுக்காரர்கள் மன அமைதி தேடி நம்ம ரமணாசிரமத்துத் தெருவுக்கு வந்து வேட்டி கட்டிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். நானோ இங்கே ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு பூங்கா வாரியத்தின் பட்ஜெட் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றிய ஆபீஸில் காலமெல்லாம் கேஷ் புக் எழுதிய உங்கள் பழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது போலிருக்கிறது.

இந்த மாநிலத்தில் பூங்கா என்பது நகராட்சிக் கணக்கின் கடைசிப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கும் சமாச்சாரம் இல்லை. அதற்கென்றே தனி உள்ளாட்சி இருக்கிறது. பார்க் டிஸ்ட்ரிக்ட் என்பார்கள். தனி எல்லை, தனி வரி, தனித் தேர்தல். இல்லினாயில் இப்படி முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. சிகாகோ நகரத்துக்குள்ளேயே ஒரு காலத்தில் 22 இருந்தன. 1934-ல்தான் ஒன்றாகச் சேர்த்தார்கள். வாரியத்துக்கு ஐந்து பேர் அல்லது ஏழு பேர். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, சட்டமே அப்படி. "சம்பளம் இல்லாத மெம்பர் எப்படிடா வீடு கட்டுவான்?" என்று நீங்கள் கேட்பது இங்கே எனக்குக் கேட்கிறது. இவர்கள் வீட்டைக் கட்டி, அதற்கு வரியும் கட்டிவிட்டு, அப்புறம்தான் மெம்பராக வருகிறார்கள்.

பட்ஜெட் வேலை ஆடி மாதமே தொடங்கிவிடும். நீச்சல் குளம் பார்ப்பவர், மரம் பார்ப்பவர், புல்வெளி பார்ப்பவர், பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துபவர் என்று ஒவ்வொரு பிரிவுக்காரரும் அடுத்த வருஷத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வெட்டுவார்கள் என்று தெரிந்து கொஞ்சம் கூட்டிப் போட்டு அனுப்பும் வித்தை உங்களுக்குத் தெரிந்ததுதான். அது கடல் தாண்டியும் வந்திருக்கிறது. அவர்கள் கூட்டுவார்கள், இயக்குநர் வெட்டுவார், யாருக்கும் வருத்தமில்லை. ஐப்பசி வாக்கில் வரைவு தயாராகிவிடும். அதை 30 நாளாவது ஊரார் பார்வைக்கு வைத்து, முன்கூட்டியே விளம்பரம் செய்து, பொதுவிசாரணை நடத்தி, அப்புறம்தான் வாரியம் கை தூக்கலாம்.

பணம் எங்கிருந்து என்பீர்கள். பெரிய பங்கு வீட்டு வரிதான். நம்மூர் ரசீதில் நூலக வரி ஓரமாக ஒண்டிக்கொண்டு நிற்குமே, இங்கே அந்த மாதிரி ஒரு வரிசையே நிற்கும். பள்ளிக்கூடம் பெரும்பங்கைத் தின்றுவிடும். நூலகம், தீயணைப்பு, நகராட்சி எல்லாம் தின்ற பிறகு பூங்காவுக்கு ஒரு சின்னத் துண்டு. அதையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. சிகாகோவைச் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கு 1991-லிருந்து ஒரு கடிவாளம் போட்டிருக்கிறார்கள்: 5 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, இரண்டில் எது குறைவோ அதுதான் ஒரு வருஷ ஏற்றம். புதிதாகக் கட்டிய வீடுகளின் வரி மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அதற்கு மேல் வேண்டுமா? ஊரைக் கூட்டி ஓட்டுக் கேள்.

வந்த பணமும் ஒரே பையில் விழாது. சித்தியின் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து வைத்தது போல இருக்கும். நிர்வாகத்துக்கு ஒரு கிண்ணம், விளையாட்டு வகுப்புகளுக்கு ஒன்று, விபத்துக் காப்பீட்டுக்கு ஒன்று, ஊழியர் ஓய்வூதியத்துக்கு ஒன்று, தணிக்கைக்கென்றே ஒன்று, மாற்றுத்திறனாளிகளுக்கான நிகழ்ச்சிகளுக்குத் தனியாக ஒன்று. மிளகுக் கிண்ணத்தில் சீரகத்தைப் போட்டால் சித்தி முகம் எப்படி மாறுமோ அப்படித்தான் தணிக்கையாளர் முகமும் மாறும்.

உங்களுக்குப் பிடிக்காத செய்தி ஒன்று சொல்கிறேன். மார்ச் கடைசி வாரத்து உற்சவம் இங்கே இல்லை. "பணம் லாப்ஸ் ஆகிவிடும், ஏதாவது வாங்கு" என்று இருபது நாற்காலிக்கும் ஒரு பீரோவுக்கும் ராத்திரியோடு ராத்திரியாக பில் போடும் திருவிழாவைத்தான் சொல்கிறேன். மிஞ்சியது கையிருப்பில் சேர்ந்துவிடுகிறது. சேராமல் தீராது. டிசம்பரில் தீர்மானிக்கிற வரி, அடுத்த வருஷம் ஜூனில் ஒரு தவணையும் செப்டம்பரில் ஒரு தவணையுமாகத்தான் கைக்கு வரும். ஜனவரியிலிருந்து மே வரை சம்பளத்துக்கு எங்கே போவது? அதனால்தான் இந்த நாட்டு அரசு நிதி அலுவலர்களின் சங்கம், குறைந்தது இரண்டு மாதச் செலவுக்காவது பணம் ஒதுக்கி வை என்கிறது.

எது இலவசம், எதற்குக் காசு என்பதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நடைபாதை, ஊஞ்சல், மரநிழல் எல்லாம் ஊருக்கே பயன், அதனால் இலவசம். பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்குக் கொஞ்சம் வரிப்பணம், கொஞ்சம் கட்டணம். கோல்ஃப், தனி டென்னிஸ் பயிற்சி போன்றவற்றுக்கு ஆடுகிறவரே முழுச் செலவையும் தரட்டும், மேலே கொஞ்சம் தந்தாலும் சந்தோஷம். வெளியூர்க்காரர் என்றால் கட்டணம் கூடுதல். இதை ஏதோ புதுத் தத்துவம் மாதிரி ஒரு அம்மையார் படம் போட்டு விளக்கினார். ஆசிரம வாசல் ஆட்டோ ஸ்டாண்டில் எந்தப் படமும் இல்லாமல் இது எத்தனை காலமாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நீச்சல் குளம் எந்த ஊரிலும் செலவு பிடித்த பிள்ளைதான். மே கடைசியில் திறந்து செப்டம்பர் முதல் திங்களோடு மூடிவிடுகிறார்கள். காவலுக்கு உட்காரும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளின் கூலியும் ஏறிவிட்டது. 2019-ல் மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8.25 டாலர், 2025 ஜனவரி முதல் 15. நேப்பர்வில் நகரத்தில் ஒரு குளம் இருக்கிறது பாருங்கள், பழைய கல் குவாரி. ஊருக்கு நூறு வயது ஆனபோது, 1931-ல், அதைக் குளிக்கிற இடமாக மாற்றினார்கள். இன்றைக்கும் சனம் குதித்துக் குளிக்கிறது. நம்ம ஆசிரமத்துப் பக்கத்தில் பாலி தீர்த்தம், கிரிவலப் பாதையில் சிம்ம தீர்த்தம், ஊருக்குள் ஐயங்குளம் என்று குளத்துக்கா பஞ்சம்! குவாரியைக் குளமாக்கினவர்களையும் பார்த்துவிட்டேன், குளத்தைக் குப்பைக் கிடங்காக்கினவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் சாமர்த்தியம் வேண்டும்.

இனி வாத்துக் கதை. கனடா வாத்து என்று ஒன்று இங்கே கூட்டம் கூட்டமாக வந்து புல்வெளியெல்லாம் அசிங்கம் செய்துவிட்டுப் போகும். சட்டப் பாதுகாப்பு உள்ள பறவை, அடிக்கக் கூடாது. அதனால் ஆடு மேய்க்கப் பழக்கிய நாயைக் கூட்டி வந்து விரட்டுகிறார்கள். நாய்க்குக் கான்ட்ராக்ட். பட்ஜெட்டில் அதற்கும் ஒரு வரி எழுதுகிறார்கள். பசு லட்சுமிக்கும், நாய் ஜாக்கிக்கும், ஒரு மானுக்கும், ஒரு காக்கைக்கும் சமாதி கட்டி வைத்த ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். வாத்தை விரட்ட நாயா என்று முதலில் மனசு கேட்கவில்லை. பிறகு அந்தப் புல்லில் வெறுங்காலோடு நடந்தேன். நாயின் சம்பளத்தை உயர்த்தினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

புல் என்றதும் இன்னொன்று. 2013-ல் சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில் மெஷின் போக முடியாத மேட்டிலும் பள்ளத்திலும் புதரைத் தின்ன ஆடுகளை ஒப்பந்தத்துக்கு எடுத்தார்கள். நம்ம ஊர் ஆடு, பூங்காவில் நட்ட செடியைத் தின்றுவிட்டு ஒரு பில்லும் கொடுக்காமல் போய்விடுகிறது. அதற்கு வியாபாரம் தெரியவில்லை.

திட்டமிடாத செலவும் வரத்தான் செய்கிறது. ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் ஒரு பச்சை வண்டு 2006-ல் இந்த மாநிலத்தில் தென்பட்டது. அப்புறம் வருஷக்கணக்காக ஒவ்வொரு பூங்கா வாரியமும் செத்த மரத்தை வெட்ட ஒரு தொகை, புது மரம் நட ஒரு தொகை என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. புதிதாக நடும்போது ஒரே ஜாதி மரத்தை வரிசையாக நடுவதில்லை என்று பாடம் படித்துக்கொண்டார்கள்.

நான் எதற்கு அங்கே போனேன் என்று இன்னும் சொல்லவில்லையே. எங்கள் கிரிக்கெட் கோஷ்டிக்கு ஒரு பிட்ச் வேண்டும். பேச மூன்று நிமிஷம். எதிரே ஒரு சின்ன விளக்கு, நேரம் தீர்ந்தால் சிவப்பாகிவிடும். நம்ம சபைகளில் அந்த விளக்கை வைத்தால் பாதித் தலைவர்கள் "அவைத் தலைவர் அவர்களே"யோடு முடித்துக்கொள்ள வேண்டியதுதான். நான் பிட்ச்சை ஒரு நிமிஷத்தில் கேட்டுவிட்டேன். மிச்ச நேரத்தை வீணாக்குவானேன் என்று நம்ம பெருமையை எடுத்துவிட்டேன். உத்திரமேரூர்க் கல்வெட்டு, பராந்தக சோழன் காலம், 919-லும் 921-லும் வெட்டியது, 30 குடும்புகள் (நம்ம வார்டு மாதிரி), குடவோலைத் தேர்தல். தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர், பதவி ஒரே வருஷம், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்கவே முடியாது. "உங்கள் பூங்கா வாரியத்துக்கு ஆயிரம் வருஷம் முன்பே எங்களுக்குத் தோட்ட வாரியம்" என்று முடித்தேன். அவர்கள் நிஜமாகவே வாய் பிளந்தார்கள். தலைவராக இருக்கும் கிழவர் மட்டும் ஆர்வமாக முன்னால் சாய்ந்து, "அருமை. அந்த வாரியம் இப்போது என்ன செய்கிறது?" என்றார். நல்லவேளை, சிவப்பு விளக்கு எரிந்தது.

பிட்ச் என்ன ஆயிற்று? ஐந்து வருஷ மூலதனத் திட்டத்தில், மூன்றாவது வருஷத்தில், ஒரு வரியாக உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் எனக்கு முட்டி தேய்ந்துவிடும். ஆனால் வரி அங்கே இருக்கிறது, தொகை இருக்கிறது, எந்த வருஷம் என்றும் இருக்கிறது. ஒவ்வொரு ஊஞ்சலுக்கும் சறுக்கு மரத்துக்கும் பிறந்த தேதி குறித்து வைத்து, பதினைந்து இருபது வருஷத்தில் மாற்றப் பணம் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். இங்கே திறப்பு விழாவுக்கு முன்னாலேயே ஈமச்சடங்குக்கும் பணம் ஒதுக்கிவிடுகிறார்கள், சித்தப்பா!

இடம் பிடிக்கிற விஷயத்தில் நாம் இவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. மனை போட்டு விற்பவன் பூங்காவுக்கு நிலமோ பணமோ தர வேண்டும் என்று நேப்பர்வில் நகரம் விதி போட்டது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1977-ல் ஊர் ஜெயித்தது. நம்மிடமும் சட்டம் இருக்கிறது: 3,000 சதுர மீட்டருக்கு மேல் லேஅவுட் போட்டால் சாலை போக மிச்சத்தில் 10 சதவீதம் பொது இடமாக விட வேண்டும். ரியல் எஸ்டேட்காரர்கள் ஓ.எஸ்.ஆர். என்று சொல்வது அதைத்தான். நிலம் வருகிறது, வேலி வருகிறது, திறந்து வைத்தவர் பெயரோடு கல்லும் வருகிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆளுக்கு எந்தக் கணக்குத் தலைப்பில் கூலி என்று தேடினால், அந்த இடத்தில்தான் ஆடு மேய்கிறது.

நம்மால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது மலை எப்படி மொட்டையாக இருந்தது! 1980-களின் கடைசியில் அண்ணாமலை மரம் வளர்ப்புக்காரர்கள் ஆரம்பித்தார்கள், பிறகு ஃபாரஸ்ட் வே அமைப்பின் ஆட்கள் வந்தார்கள். இன்றைக்குப் பச்சையாக இருக்கிறது. செடி நட்டதால் மட்டும் வந்த பச்சை இல்லை அது. நட்டவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடாமல், கோடையில் தண்ணீர் ஊற்றி, வருஷா வருஷம் தீத்தடுப்புக் கோடு வெட்டியதால் வந்தது. ஒரு பக்கம் வெறுமையாக இருந்த தாளைக்கூட எறியாமல் நோட்டாகத் தைத்துக்கொண்ட ரமணர் இருந்த இடம் நம்முடையது. இருப்பதைக் காப்பாற்றுவதும் ஒரு வேலை என்று நமக்கு இந்த ஊர்க்காரர்கள் வந்து சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். 2024-ல் திருவண்ணாமலை மாநகராட்சியாகிவிட்டது. பட்ஜெட் வரும்போது மொத்தத் தொகையைப் பார்த்து மலைக்காமல், உங்கள் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு பூங்கா, குளம் பக்கத்தைப் புரட்டுங்கள். புதிதாகக் கட்ட எவ்வளவு, இருப்பதைப் பராமரிக்க எவ்வளவு என்று இரண்டு எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். கிராம சபையோ ஏரியா சபையோ, உங்கள் பக்கத்தில் எது கூடினாலும் அங்கே எழுந்து நின்று இரண்டாவது எண்ணைப் பற்றிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள், கேள்வி தீர்மான நோட்டில் ஏறுகிறதா என்றும் பாருங்கள். நம்மூரில் சிவப்பு விளக்கு கிடையாது, நிதானமாகவே கேட்கலாம்.

சித்திக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்

பி.கு.: அந்த இரண்டு எண்களை எழுதிய தாளை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கிழவர் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.