சன்னலும் தொட்டியும்

கேள்வி: முதன்முதலாக வீட்டுக்குள் செடி வளர்க்க ஆசை. தெற்குச் சன்னலே உத்தமம் என்கிறது ஒரு சீமைப் புத்தகம். நம்பலாமா? தொட்டி எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்?
– வாசகி, மாமல்லபுரம்

பதில்: அப்புத்தகம் பிறந்த தேசத்தில் சூரியன் வருஷமெல்லாம் தெற்கே சாய்ந்தே சஞ்சரிக்கிறான், வட அட்சரேகை ஏறக்குறைய பன்னிரண்டரைப் பாகையில் இருக்கும் உங்கள் ஊரிலோ, சித்திரையில் உச்சிக்கு நேரே வந்து, ஆவணி பிறக்கும்வரை நடுப்பகலில் வடக்கே நின்றுவிட்டு, மார்கழியில்தான் தெற்குச் சன்னல் வழியே அறைக்குள் நெடுந்தூரம் எட்டிப் பார்க்கிறான். ஆகையால் கிழக்குச் சன்னலே சிரேஷ்டம். கடற்கரைக் கோயிலின் கிழக்கு நோக்கிய சந்நிதியைப் போல உங்கள் செடியும் உதயகாலத்து இளவெயிலை வாங்கிக்கொள்ளட்டும். நடுப்பகலில் தொட்டியின் இடத்தில் வெள்ளைத்தாளை வைத்து, அதன்மேல் கையை நீட்டுங்கள்: விரல்களின் நிழல் தெரிந்தால் மணிபிளான்டுக்கு அந்த ஒளி போதும், நிழலே விழாத மூலையில் மருள்கூடப் பட்டினிதான் கிடக்கும்.

தொட்டிக்கு மண்ணே மேல். உப்புக்காற்றில் இரும்பு துருவேறும். அடியில் துவாரம் அவசியம். துவாரமில்லாதது செடிக்குத் தொட்டியன்று, கிணறு. வேர் மூச்சுக்குத் தவித்து அழுகிப்போகும். செங்கற்பட்டு ஏரி வண்டலை மட்டும் நிரப்பினால் அது அடைபோல் இறுகிவிடுமாதலால், மணலும் மக்கிய எருவும் கலந்துகொள்ளுங்கள். உவர்ப்பான கிணற்றுநீரை ஊற்றிவந்தால் சில மாதங்களில் தொட்டியின் புறத்தே வெள்ளையாக உப்புப் பூக்கும். அப்போது ஐப்பசி மழையில் ஒருநாள் வெளியே வைத்து, அடித்துவாரத்தால் நீர் ஓடும்வரை நனையவிடுங்கள்.