பிரேக்கில் விளையும் வேகம்

கேள்வி: பிரேக் போட்டால் வேகம் குறையும். ஃபார்முலா 1 காரில் அதே பிரேக் பிறகு வேகத்தைக் கூட்டுவது எப்படி?

பதில்: உண்டியல் போன்ற பேட்டரிதான் காரணம்! பிரேக் போடும்போது எஞ்சினோடு இணைந்த மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வெப்பமாக வீணாக இருந்த ஆற்றலை மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்க்கிறது. நேர்ப்பாதையில் அதையே எடுத்துச் செலவழிக்கலாம். 2025 வரை அந்த மோட்டாரின் உச்சத் திறன் 120 கிலோவாட். 2026 விதிகளில் 350. அடேயப்பா!

எனக்கு அதைவிடப் பிடித்தது டிஃபரென்ஷியல். வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடவேண்டும். அதற்கு இடம் கொடுப்பது இதுதான். இதன் இறுக்கம் கூடினால் கார் திரும்ப மறுக்கும், தளர்ந்தால் உள்சக்கரம் வழுக்கிச் சுழலும். வளைவுக்குள் நுழைய ஓர் அளவு, வெளியேற வேறோர் அளவு என்று ஓட்டுநர் ஸ்டியரிங்கிலேயே மாற்றிக்கொள்கிறார், ஓடிக்கொண்டே!