அப்பாவின் பெயரும் அலெப்போ சவர்க்காரமும்

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டு வெளியேறி, எண்பதுகளின் கடைசியில் கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தோம். பள்ளிக்கூடப் படிவத்தில் எங்கள் வழக்கப்படி அப்பாவின் பெயரை முன்னாலும் என் பெயரைப் பின்னாலும் எழுதிக் கொடுத்தார்கள். முன்னால் இருப்பதே பிள்ளையின் பெயர் என்று அலுவலகம் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து வகுப்பில் நான் அப்பாவின் பெயரால் அழைக்கப்பட்டேன். அம்மா தன் வாயால் ஒருநாளும் உச்சரிக்காத பெயர் அது. மரியாதையின் பொருட்டு வீட்டுக்குள் யாரும் சொல்லாத அந்தப் பெயரை, என் வயதுப் பிள்ளைகள் மைதானத்தின் நடுவில் நின்று கூவினார்கள். கூசிப்போவேன். ஏன் கூசுகிறேன் என்று யாரும் கேட்டதில்லை.

பெரியவர் கண்டிக்கும்போது நிலத்தைப் பார்த்து நிற்கவேண்டும் என்று பழக்கப்பட்டிருந்தேன். அங்கே அது பிடிவாதம் என்று கொள்ளப்பட்டது. பெற்றோர் சந்திப்பில் அம்மா சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: “பிள்ளையை உங்களிட்ட ஒப்படைச்சிட்டம். நீங்கள் பாத்துச் செய்யுங்கோ, ரீச்சர்.” யாழ்ப்பாணத்தில் ஒரு தாய் ஆசிரியருக்குக் கொடுக்கக்கூடிய ஆகப்பெரிய நம்பிக்கை அது. பெற்றோருக்கு அக்கறை போதாது என்பதே பள்ளிக்கூடம் அதிலிருந்து கண்ட முடிவு. அப்பா ஓர் உணவகத்தில் இரவு முழுவதும் கோப்பை கழுவிவிட்டு விடியப்புறம் வந்து, தூங்காமல் என் கணக்குக் கொப்பியைப் பார்த்துவிட்டுப் படுப்பார். அது எந்த ரிப்போர்ட்டிலும் வரவில்லை.

ஒன்ராறியோ அரசு 1977இல் தொடங்கிய மரபுமொழித் திட்டத்தின் வழியாக, சனிக்கிழமைகளில் அதே கட்டடத்தில் எங்களுக்குத் தமிழ் வகுப்பு நடந்தது. வார நாட்களில் எங்களைப் புரியாமல் தவித்த ஆசிரியர்களுக்கு, எங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய தமிழ் ஆசிரியை சனிக்கிழமை அதே அறையில் நின்றார். அவர்கள் சந்திக்க ஒருவரும் ஏற்பாடு செய்யவில்லை.

இன்று நான் ஸ்காபரோவில் ஆசிரியை. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்கும் தீர்மானத்தைக் கனடிய நாடாளுமன்றம் 2016இல் நிறைவேற்றியது. அந்த மாதத்தில் எங்கள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பொங்கல் பானை வைக்கிறோம், கோலம் போடுகிறோம். சேலை உடுத்திய அம்மாமாரைப் பள்ளிக்கூடத்துக்குள் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது. ஆனால் பொங்கலைத் தெரிந்துகொண்ட ஒரு பள்ளிக்கூடம், முதல் பாடத்திலேயே தூங்கிவிழும் தமிழ்ப் பையனைத் தெரிந்துகொண்டதாக ஆகாது. தாய் தகப்பன் இருவரும் இரவு வேலைக்குப் போக, தம்பியைப் படுக்கவைத்து, காலையில் எழுப்பிக் கூட்டிவருபவன் அவன்தான். அன்று எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்தார்கள். இன்று பண்டிகை தெரிகிறது. வீடு இன்னும் தெரியவில்லை.

2015 நவம்பரிலிருந்து 2016 பிப்ரவரி முடிவுக்குள் கனடா 25,000க்கு மேற்பட்ட சிரிய அகதிகளை ஏற்றது. என் வகுப்புக்கும் ஒரு பையன் வந்தான். ஒரு சொல்லும் பேசவில்லை. பள்ளிக்கூடங்களுக்கென ஒன்ராறியோவில் நியமிக்கப்படும் குடியேற்றப் பணியாளர்களில் அரபு தெரிந்த ஒருவரோடு அவன் வீட்டுக்குப் போனேன். தேநீரோடு உட்கார்ந்து, “அங்கே என்ன வேலை செய்தீர்கள்?” என்று தகப்பனிடம் கேட்டேன். அலெப்போவில் சவர்க்காரம் காய்ச்சியவர். ஒலிவ எண்ணெயும் லாரல் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, பரப்பி, வெட்டி, கோபுரமாக அடுக்கி மாதக்கணக்கில் உலரவைக்கும் முறையை அவர் விவரிக்க விவரிக்க, பையன் கையால் அடுக்கிக் காட்டினான். வெளியே பொன்னிறமாக மாறினாலும் உள்ளே பச்சையாகவே இருக்கும் என்றான். அடுத்த வாரம் எண்ணெய்களின் விகிதத்தை வகுப்புக்குக் கணக்காகக் கொடுத்தேன். விளக்கியவன் அவன்.

இது புதிய வழியல்ல. அரிசோனாவின் டூசான் நகரில் லூயிஸ் மோல், நோர்மா கொன்சாலஸ் முதலிய ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் மெக்சிக்கோ வழிவந்த குடும்பங்களின் வீடுகளுக்கு மாணவர்களாகவே போனார்கள். விவசாயம், சுரங்கம், கட்டடவேலை, மூலிகை மருத்துவம் என்று அங்கே இருந்த அறிவைப் பாடமாக்கினார்கள். மெக்சிக்கோ மிட்டாயைக் கொண்டுவந்து விற்ற ஒரு மாணவனை வைத்து வகுப்பே மிட்டாயை ஆராய்ந்தது. ஒரு தாய் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்யக் கற்பித்தார். 1992இல் அவர்கள் எழுதிய கட்டுரையை ஆசிரியர் பயிற்சியில் இன்றும் படிக்கிறார்கள்.

தமிழ்ப் பிள்ளையாக வளர்ந்தது எனக்குச் சிரிய வீட்டைச் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு வீட்டையும் போய்த்தான் அறியவேண்டியிருக்கிறது. அதற்கு நேரம் வேண்டும், மொழி தெரிந்த துணை வேண்டும். செப்டம்பரில் வகுப்புத் தொடங்கும்போதே இவ்விரண்டையும் ஆசிரியர்களுக்குக் கல்விச் சபைகள் கொடுக்கவேண்டும். பெற்றோரிடம் “உங்கள் பண்டிகை எது?” என்பதற்கு முன் “உங்களுக்கு என்னென்ன செய்யத் தெரியும், பிள்ளை வீட்டில் எதற்குக் கைகொடுக்கிறான்?” என்று கேட்போம். பிள்ளை எதை அறிந்து வந்திருக்கிறான் என்று தெரிந்தால்தான், அடுத்ததை எங்கிருந்து தொடங்குவது என்று ஆசிரியருக்குத் தெரியும்.